கொடிக்குப் பின்னால்

என் அம்மாவுக்கு வியாழக்கிழமை வேலை. லுசேரோ துணி மில் கேட்டுக்கு முன்னால் தார்ப்பாய்க் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கேட் பூட்டிக் கிடக்கிறது. அதன் குறுக்கே பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக ஒரு கொடி. மழையில் சாயம் போய்விட்டால் பெண்கள் புதிதாகத் தைத்துக் கட்டுவார்கள். அந்தக் கொடி தொங்கும்வரை ஸ்டிரைக் நடக்கிறது என்று அர்த்தம். முதல் கொடியைக் கட்டியபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். இப்போது எனக்குச் சவரம் செய்துகொள்வதே சலித்துவிட்டது, ஸ்டிரைக் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் மில்லை மூடிவிட்டு இயந்திரங்களை விற்கப் பார்த்தார். தொழிலாளிகள் முந்திக்கொண்டு கொடியைக் கட்டிவிட்டார்கள். கொடி கட்டிவிட்டால் அவர் உள்ளேயிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்க முடியாது. கேஸ் முடிந்ததும் தறிகளையும் நிலத்தையும் விற்று ஆளுக்கொரு பங்கு. அதுவரை முறைவைத்துக் காவல்.

காவலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கொடியைத் தாண்டி யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, தொழிலாளியும்தான். வைத்தவன் கருங்காலி. எங்கள் ஊரில் ஒருவனை என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டலாம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னால் கை ஓங்கிவிடுவான். கருங்காலி வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகமாட்டார்கள், சாவுக்கும் போகமாட்டார்கள். காவல் இருப்பவர் வீட்டு ஆளே தாண்டினால் அந்தக் காவல்காரருக்கும் பங்கு கிடையாது. இதெல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே தெரியும்.

தெரிந்துதான் தாண்டினேன்.

நான் புவெப்லா நகரத்தில் போட்டோகிராஃபி படிக்கிறேன். என்னோடு படிக்கும் ரெனாத்தாவின் அப்பா பல் டாக்டர். வீட்டில் எலுமிச்சை மரமும் இரண்டு பெரிய நாய்களும் உண்டு. அவள் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருக்கலாம், பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டிருப்பேன். திமிர் இல்லை. எங்களோடு படிக்கும் நாச்சோவின் அப்பா சந்தையில் கோழி விற்கிறார். "எங்கப்பா மேல கோழி நாத்தம் அடிக்கும், கட்டிப்புடிக்கும்போது மூச்சை அடக்கிக்க" என்று அவனே எல்லோரிடமும் சொல்வான். என்னிடம் கேட்டபோது நான், "அம்மா ஒரிசாபா டவுன்ல நூல் கடை வெச்சிருக்காங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஒரு முறை சொல்லிவிட்டால் பிறகு அந்தக் கடைக்குக் கதவு வேண்டும், ஜன்னல் வேண்டும், வாடிக்கையாளர்கள் வேண்டும். மூன்று வருடமாக அந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்தேன்.

போன நவம்பரில் ரெனாத்தா இணையத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். லுசேரோவின் முகப்பும் கேட்டும் கொடியும் இருந்தன. நல்லவேளையாகக் கொட்டகை இல்லை.

"இது உங்க ஊர்ப் பக்கம்தான? கடைசி வருசக் கண்காட்சிக்கு இத எடுக்கலாம்டா. உள்ள போக முடியுமா?"

"கேட் வழியா முடியாது. காவல் இருக்கும். பின்னால ஆத்துப் பக்கம் ஒரு வழி இருக்கு, எனக்குத் தெரியும்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சனிக்கிழமை போகலாம் என்றேன். சனிக்கிழமை என் ஞானப்பா காந்தெலாரியோவின் முறை. எனக்கு ஞானஸ்நானத்தில் தொட்டப்பனாக நின்றவர். பெண்டாட்டியை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்து, கடைசியில் கல்லறைக்கும் தூக்கிக் கொடுத்தவர். அப்போதுகூட ஒரு சனிக்கிழமை தவறவிடாதவர் என்று ஊரே சொல்லும். கேட்டை விட்டு நகர மாட்டார். பின்பக்கம் எட்டிப் பார்க்க அவருடைய முழங்காலும் விடாது. அம்மா வீட்டில் இருப்பாள். ஊருக்குள் நுழையாமலே பஸ்ஸிலிருந்து இறங்கிப் படமெடுத்துவிட்டுத் திரும்பி ஏறிவிடலாம். பெற்ற அம்மா வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் திருடனைப் போல வந்து போகத் திட்டம் போட்டேன், அதில் ஒரு ஓட்டையும் இல்லை என்று வேறு நினைத்தேன்.

தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் நவம்பர் தூறல் ஒரு வாரமானாலும் விடாது. ஆற்றங்கரையில் சாயக் கூடத்தின் பழைய வடிகால் வந்து சேரும் இடத்தில் மண் இன்னும் நீலமாகவே இருக்கிறது. ஊரில் வேறெங்கும் அந்தச் சேறு கிடையாது. சின்ன வயதில் நீலக் காலோடு வீட்டுக்குப் போனால் கேள்வியே கிடையாது, நேராக அடிதான்.

"இதென்னடா நீல ஸ்மர்ஃப் பொம்மையக் கொன்னு பொதச்ச மாதிரி இருக்கு," என்றான் நாச்சோ, ஒரு காலைப் பிடுங்கியபடி.

"பேசாம வாடா. மேல கேக்கும்."

சுவரில் ஏறி, கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக உள்ளே குதித்தோம். முதலில் சாயக் கூடம். தொட்டிகளில் மழைநீர் நின்றது, பாசி படர்ந்திருந்தது. ரெனாத்தா கேமராவை எடுத்தாள். அவள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். எதையும் நகர்த்த மாட்டாள், தூசியைக்கூட ஊத மாட்டாள். நானும் எடுத்தேன். இரண்டு வாரம் கைபடாமல் வைத்திருந்து, பிறகு தூங்கும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொண்ட கேமரா அது. அதற்கு முந்தின வருடம் அம்மா வாங்கித் தந்தது.

நூற்புக் கூடத்துக்குப் போனோம். காலியாக இருந்தது. கூரையின் சாய்ந்த கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் வரிசை வரிசையாக விழுந்தது. கண்ணைப் பறிக்கும் அழகு, பொய் சொல்வானேன். நூற்பு இயந்திரங்களைக் கொடி கட்டுவதற்கு முன்பே முதலாளி எடுத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது தறிக் கூடம். கதவைத் தள்ளினேன். பிறந்ததிலிருந்து கேட்டது அந்தத் தறிகளைப் பற்றித்தான். "தறி இருக்குடா, பயப்படாத." அரிசி தீர்ந்தாலும் அம்மா இதைத்தான் சொல்வாள், ஷூ கிழிந்தாலும் இதைத்தான் சொல்வாள். ஜன்னலோர வரிசையில் மூன்றாவது தறி அம்மாவுடையது.

கதவு திறந்தது. தறி இல்லை.

ஒன்றுகூட இல்லை. கூடம் முழுக்கத் தரையில் போல்ட் முனைகள் நான்கு நான்காக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நான்குக்கும் நடுவில் எண்ணெய் ஊறிய கறுப்புத் தடம். தறிகள் இருந்த இடம் தெரிந்தது, அவ்வளவுதான். நாச்சோ கூடத்தின் நடுவில் போய் நின்று கைகளை விரித்தான்.

"ஏண்டா, வாசல்ல ஆள் போட்டுக் காவல் காக்கறாங்கன்னியே. எதடா காக்கறாங்க? இந்தத் தரையையா?"

ரெனாத்தாவும் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை, திகைத்துப்போய் வரும் சிரிப்பு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்க ஊர்க் கிழங்க அப்படித்தான். முன்கதவ இறுக்கிப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்ங்க. பின்னால வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது. நாற்காலியில உக்காந்து உக்காந்து மூளையும் துருப்புடிச்சிருச்சு."

நாச்சோ விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். காலியான கூடத்தில் என் சிரிப்பு எனக்கே திரும்பக் கேட்டது. வாய் கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டும். கூசவில்லை.

"டேய், இங்க வா," என்று ரெனாத்தா கூடத்தின் கோடியிலிருந்து கூப்பிட்டாள்.

சுவரில் குவாதலூப்பே மாதா. மில்லின் ஒவ்வொரு கூடத்திலும் ஒரு மாதா உண்டு. டிசம்பரில் அவள் திருநாளுக்குத் தறிகளை நிறுத்திவிட்டு நடுவில் பூசை வைப்பார்களாம். மற்றதெல்லாம் போயிருக்க, மாதா மட்டும் சுத்தமாக, தூசி இல்லாமல் நின்றாள். காலடியில் ஒரு டப்பாவில் வெள்ளை லில்லிப் பூக்கள். வாடவில்லை. நேற்றுப் பறித்ததாக இருக்கும்.

"யாரோ உள்ள வர்றாங்க," என்றாள் ரெனாத்தா மெதுவாக.

நான் பூவைப் பார்க்கவில்லை. டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த பின்னல் துணியைப் பார்த்தேன். வெள்ளை நூல், ஓரத்தில் பச்சை அலை. அதே துணி எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது, பிரிட்ஜ் மேல் இருக்கிறது. தடுத்திருக்காவிட்டால் புவெப்லாவில் என் படுக்கை மேலும் இருந்திருக்கும். வியாழக்கிழமைகளில் கொட்டகையில் உட்கார்ந்து அம்மா பின்னுவது. அப்படியானால் அம்மா உள்ளே வருகிறாள். அப்படியானால் அம்மாவுக்குத் தெரியும். அதற்குமேல் யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"யாருடா அது உள்ள? வெளிய வாங்கடா கழுதைங்களா."

குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். கூடத்தின் கதவில் அம்மா நின்றாள், கையில் ஒரு கம்பு, தலையில் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் பை. ஞானப்பாவுக்கு முழங்கால் வீங்கி, அவர் முறையை அம்மா எடுத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? அவளை நான் கேட்டிருந்தால்தானே.

அவள் முதலில் நாச்சோவைப் பார்த்தாள், பிறகு ரெனாத்தாவை, பிறகு என்னை. என்னைக் கூப்பிட உதடு குவிந்தது.

"மன்னிச்சுக்குங்க சென்யோரா, இப்பவே கிளம்பிடறோம்," என்றேன்.

சென்யோரா. தெருவில் போகிற எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற அந்த வார்த்தை. குவிந்த உதடு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. கம்பைக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யும்போது இருக்கும் முகம்தான் இருந்தது. புரிந்துகொண்டுவிட்டாள். என்னை விட்டு மற்ற இருவரையும் பார்த்துப் பேசினாள்.

"படம் எடுத்தீங்களா?"

"ஆமாங்க," என்றாள் ரெனாத்தா. "நாங்க திருட வரல சென்யோரா. படிக்கற பசங்க. ஆனா ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. தறி ஒண்ணுகூட இல்ல. யாரோ பின்பக்கமா எல்லாத்தையும் கடத்திட்டாங்க. கம்பெனிக்காரங்களாத்தான் இருக்கும். எங்க படத்துல எல்லாம் தெளிவா இருக்கு. இதப் போட்டா நாடே பாக்கும், உங்களுக்கு நியாயம் கிடைக்கும்."

"போடக் கூடாது மகளே."

"ஏன்? உங்கள ஏமாத்தியிருக்காங்க."

"அழிச்சிருங்க. உங்கள கெஞ்சிக் கேக்கறேன்."

"சென்யோரா, திருடினவங்கள நீங்க ஏன் காப்பாத்தணும்?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள், உட்கார இடம் தேடுகிறவள் மாதிரி. இடம் இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டாள்.

"யாரும் திருடல. கம்பெனிக்காரன் பாவம், ஒரு திருகாணி எடுக்கல. நாங்கதான்."

நாச்சோ தொப்பியைக் கழற்றினான்.

"முதல்ல யாரும் தொடல. சத்தியமா. அடுப்பு எரியாத நாள்லகூடத் தொடல. அப்புறம் ஒரு நாள் என் முறையில உள்ள சத்தம் கேட்டுச்சு. கொடியத் தாண்டி வந்து எட்டிப் பாத்தேன். யாருன்னு சொல்லமாட்டேன். நல்ல மனுசன். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தா. மோட்டாரப் பிரிச்சுச் செம்புக் கம்பிய உருவிக்கிட்டிருந்தாரு. என்னப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நானும் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன். அடுத்த வாரம் நானே போனேன்."

"எல்லாருமா?" என்றான் நாச்சோ.

"எல்லாரும்தான். அவங்கவங்க முறையில, அவங்கவங்களுக்குத் தேவப்பட்டப்போ, சாக்குல கொஞ்சம் கொஞ்சமா. யாரும் யாரையும் கேட்டதில்ல. இப்போ நாங்க வாசல்ல உக்காந்திருக்கறது தறிக்காக இல்ல தம்பி. உள்ள யாரும் வந்து பாத்துடக் கூடாதுன்னு. கேஸ் இன்னும் நடக்குது, நிலத்துல எங்களுக்கு ஒரு பங்கு வரும்ங்கறாங்க. தறிய நாங்களே தின்னுட்டோம்னு தெரிஞ்சா நிலமும் போச்சு, ஜெயிலும் உண்டு. அதக்கூட விடு. காலையில எழுந்து ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் எப்படி முழிப்போம்?"

ரெனாத்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அம்மா அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான். சின்னதுல நெஞ்சுச் சளி, விடாது. மருந்துக்கு எங்க போறது? அப்புறம் பள்ளிக்கூடச் சட்ட, பஸ்ஸு, புஸ்தகம். வெளியூர்ல படிக்கறான், கெட்டிக்காரன். என் தறிய மட்டும் தொடாம வெச்சிருந்தேன். அதோ, ஜன்னல் பக்கம் மூணாவது. என்னிக்காவது கேஸ் முடிஞ்சா ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு. போன வருசம் பையன் கேமரா கேட்டான். படிப்புக்கு வேணுமாம்."

அதற்குமேல் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நாச்சோவின் கண் என் கழுத்தில் தொங்கிய கேமராவுக்கு வந்தது. உடனே தரைக்குப் போனது. எனக்குக் கழுத்து வலித்தது. வாரைக் கழற்றி எறிய வேண்டும், எறிய முடியவில்லை, எறிந்தால் அது அவள் தறி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பிறந்து பேசிய முதல் வார்த்தை. வாயைத் திறந்தேன். மூன்று வருடமாக நடத்திய நூல் கடை குறுக்கே வந்து நின்றது. மூடிக்கொண்டேன்.

"உங்க பையனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் ரெனாத்தா.

"தெரியாது. தெரிய வேண்டாம். தெரிஞ்சா கூச்சப்படுவான்."

ரெனாத்தா அங்கேயே நின்று தன் படங்களை அழித்தாள், ஒவ்வொன்றையும் அம்மாவுக்குக் காட்டிக் காட்டி. மாதாவின் படம் வந்தபோது மட்டும் தயங்கினாள்.

"இது ஒண்ணு இருக்கட்டுமா? மாதாதான?"

"வேண்டாம் மகளே. மாதாவுக்குப் பக்கத்துல வெறுங்கூடம் தெரியுது பாரு."

அழித்தாள். நாச்சோ போனிலிருந்து அழித்தான். பிறகு அம்மா என் முன்னால் வந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் கேமரா.

"நீங்களும் தம்பி."

நீங்கள் என்றாள் என்னை. அழித்தேன். திரையில் கூடம் வந்தது, போனது, திரும்ப வந்தது, போனது. என் கட்டைவிரல் ஒரு இடத்தில் வழுக்கியது, அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பக்கத்தில் நின்றதால் அவள் மேலிருந்து சோப்பு வாசமும் விறகுப் புகை வாசமும் வந்தன. எங்கள் வீட்டு வாசம்.

"நனஞ்சு போயிட்டீங்க. இருங்க," என்று வெளியே போய் பிளாஸ்க்கும் தம்ளர்களும் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் கொண்டுவந்தாள். "எத்தன ஸ்பூன் மகளே? உங்களுக்கு தம்பி?" ஊற்றிக் கலக்கிக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தோம். காப்பி நன்றாக இருக்கிறது என்று ரெனாத்தா சொன்னாள். ஜன்னல் வழியாகத்தான் எங்களை அனுப்பினாள், கேட் வழியாகப் போனால் ஊர் பார்க்கும் என்று. கடைசியாகக் குதித்தவன் நான். "பாத்து," என்றாள். அது எங்கள் மூன்று பேருக்கும் சொன்னதாகவும் இருக்கலாம்.

பஸ்ஸில் கூட்டமில்லை. மேட்டு வளைவு தாண்டியதும் ரெனாத்தா, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு எத்தன ஸ்பூன்னு கேட்டாங்க. இவனையும் கேட்டாங்க. உனக்குச் சர்க்கரையே போடாம குடுத்தாங்க. நீ போட்டுக்க மாட்டியே."

"நான் கவனிக்கல."

"டேய், போதும்டா," என்றான் நாச்சோ. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அந்தம்மா கதவுல வந்து நின்னப்பவே தெரிஞ்சிருச்சு. அதே மூக்கு, அதே நெத்தி. இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு நின்னுக்கிட்டிருந்தோம். காப்பி முடியறதுக்குள்ள சொல்லிடுவேன்னு நெனச்சேன். மெதுவாக் குடிச்சேண்டா, உனக்காக."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எங்கப்பா கோழி விக்கறாருன்னு சொல்றேனே, எனக்கு என்னடா கொறஞ்சு போச்சு?" என்றான்.

நான் எழுந்து போய் டிரைவரிடம் நிறுத்தச் சொன்னேன். இங்கே ஸ்டாப் இல்லை என்றார். குரல் உடைந்து மறுபடி கேட்டேன், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

தூறலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊரே நிற்கட்டும், கேட்டுக்கு முன்னால் நின்று, நான்தான் கொடியைத் தாண்டினேன், இவள் என் அம்மா, இவளைத் தெரியாதவள் மாதிரி நின்றேன் என்று சொல்லிவிட வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள்வது.

கொட்டகைக்குப் பின்னால் வரும்போதே பேச்சுக் குரல் கேட்டது. ஞானப்பா காந்தெலாரியோ வந்திருந்தார்.

"உள்ள ஆள் இருந்தாங்களாமே எர்மெலிந்தா. ஆத்துப் பக்கம் குரல் கேட்டுச்சுன்னு ரொட்டிக்காரன் சொன்னான். யாரு?"

"யாரோ வெளியூர்ப் பசங்க," என்றாள் அம்மா. "நான் பாத்ததே இல்ல. வெரட்டி விட்டுட்டேன்."

"நம்ம ஊரு ஆளு யாரும் இல்லியே?"

"இல்ல. ஒருத்தனையும் எனக்குத் தெரியாது."

அங்கேயே நின்றுவிட்டேன். நான் இப்போது உள்ளே போய் உண்மையைச் சொன்னால், கருங்காலியைப் பெற்றவள் அவள். இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு வரவேண்டிய பங்கும் போய்விடும். சொல்லியிருக்க வேண்டிய நேரம் காப்பி தம்ளரோடு போய்விட்டது. என்னைத் தெரியாது என்று அவள் சொன்னது என்னைக் காப்பாற்ற, அவளைத் தெரியாது என்று நான் சொன்னதும் என்னைக் காப்பாற்றத்தான். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நின்றபோது எனக்கு இதுதான் பட்டது.

ஞானப்பா திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். "அட, நீயாடா? எப்ப வந்தே?"

நான் வாயெடுப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள். "இப்பத்தான் பஸ்ஸுலேந்து எறங்கறான். வர்றேன்னு சொல்லவே இல்ல பாருங்க, பெரிய மனுசன் ஆயிட்டான். வாடா, உக்காரு."

"ஆமா ஞானப்பா," என்றேன். "இப்பத்தான் வந்தேன். அம்மாவப் பாக்கத்தான்."

அம்மா பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி ஓடவில்லை. ஞானப்பா வலிக்கிற முழங்காலை நீவிக்கொண்டே என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கேமராவில் கொஞ்சம் நின்ற பார்வை, கீழே இறங்கி என் ஷூவில் வந்து நின்றது. கணுக்கால்வரை நீலம்.

தலையைக் குனிந்துகொண்டார். கொட்டகைக்கு வெளியே ரோட்டை ஒரு முறை பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று.

"ஷூவக் கழட்டி நாற்காலிக்கு அடியில தள்ளுடா," என்றார். "யாராவது பாத்துடப் போறாங்க."